கொல்லாத வாளின் மின்னல் வேகம்

ஜப்பானில் 1876-ல் சாமுராய்கள் பொது இடங்களில் வாள் தரிக்கத் தடை வந்தது. 1878-ஐக் களமாக வைத்து நொபுஹிரோ வாட்சுகி 1994 முதல் 1999 வரை தீட்டிய சித்திரத் தொடர்கதை ‘ருரௌனி கென்ஷின்’.

நாயகன் கென்ஷின் ஒல்லியான குள்ளன். அவன் பயின்ற ‘ஹிடென் மிட்சுருகி’ என்ற கற்பனை வாள்முறைக்கு வேகமே உயிர். எதிரியின் அசைவை முன்கூட்டியே கணித்து, உயரத் தாவி மேலிருந்து தாக்குவான். உறையிலிருந்து வாளை உருவும் வீச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடுவான்.

புரட்சிக் காலத்தில் இதே வேகத்தால் பலரைக் கொன்றவன், இனிக் கொல்வதில்லை என்று சபதமேற்று, வளைவின் உட்புறம் கூர் வைத்த வாளை ஏந்துகிறான். அடிபட்டவன் விழுவான், சாகமாட்டான். ஆனால் வாளைத் திருப்பிப் பிடித்தால் பழைய கொலையாளி திரும்பிவிடுவான். எதிரிகள் சீண்டச் சீண்ட, சபதம் நிலைக்குமா என்பதே கதை.