இடம்மாறும் எழுத்துகள்

நுழையும்முன்

ஒரு சொல்லின் முதலெழுத்தையும் இறுதியெழுத்தையும் அவ்வவற்றின் இடத்திலேயே நிறுத்தி, இடையில் உள்ளவற்றை மட்டும் கலைத்தல், நிரலாக்கம் பயில்வோர்க்குத் தரப்படும் எளிய புதிர்களுள் ஒன்று. அதனைத் தமிழ்ச் சொற்களுக்குப் பொருத்தும்போது, ‘எழுத்து என்பது யாது?’ என்னும் இலக்கண வினா முன்னிற்கிறது. கணினியும் இலக்கணமும் சந்திக்கும் அவ்விடத்தை விளக்குகிறது இப்பாடம்.

செய்தியும் உண்மையும்

‘மருதுத்வமனை’ எனப் பிழையாக அச்சிடப்பட்டிருந்தாலும், விரைந்து படிப்பவர் அதனை ‘மருத்துவமனை’ என்றே படித்துச் செல்வதுண்டு. இதையொத்த கருத்து ஒன்று 2003ஆம் ஆண்டில் மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பரவியது. முதலெழுத்தும் இறுதியெழுத்தும் சரியாக இருந்தால் போதும். இடையெழுத்துகள் எவ்வாறு கலைந்திருந்தாலும் படிக்க இயலும் என்பதே அச்செய்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வின் முடிவு இது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. ஆனால், அத்தகைய ஆய்வு எதனையும் தாம் அங்கு அறிந்ததில்லை எனக் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய அறிவியலாளர் மாட் டேவிஸ் தெளிவுபடுத்தினார். எழுத்துகளின் இடமாற்றம் குறித்து 1976இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் கிரகாம் ராலின்சன் ஆவார்.

எழுத்துகளைக் கலைப்பதால் படிப்பவருக்கு இழப்பே இல்லை என்பதும் உண்மையன்று. கெய்த் ரேனர் குழுவினர் ஆங்கிலத் தொடர்களைக் கொண்டு ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். சொல்லின் இடையெழுத்துகள் மாறியபோது படிக்கும் வேகம் 11 விழுக்காடு குறைந்தது. இறுதியெழுத்துகள் மாறியபோது 26 விழுக்காடும், முதலெழுத்துகள் மாறியபோது 36 விழுக்காடும் குறைந்தது. ஆகவே, இடையெழுத்துகள் மாறினால் படிக்க இயலும். ஆயினும் வேகம் குறையும்.

குலுக்கும் முறை

‘கடற்கரை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். க, ட, ற், க, ரை என்பன இதன் ஐந்து எழுத்துகள். முதலும் இறுதியும் நீங்கலாக எஞ்சிய மூன்றையும் 3×2×1 என ஆறு வகையாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் ஒன்று மூலச்சொல். ‘கற்டகரை’, ‘ககற்டரை’ முதலியன ஏனைய ஐந்து. மூன்றும் அதற்குக் குறைந்தும் எழுத்துகளைக் கொண்ட சொற்களில் கலைப்பதற்கு இடமில்லை.

ஆறு வரிசைகளும் ஒத்த வாய்ப்புடன் தோன்றுதல் வேண்டும். ஒவ்வோர் இடத்திலுள்ள எழுத்தையும், மூன்று இடங்களுள் ஏதேனும் ஒன்றில் உள்ளதனோடு மாற்றுவது எளிய வழியாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் 3×3×3 என 27 வழிகள் உண்டாகும். 27 என்னும் எண் ஆறால் மீதமின்றி வகுபடாது. எனவே, சில வரிசைகள் ஐந்து வழிகளிலும் சில நான்கு வழிகளிலும் கிடைக்கும், வாய்ப்புச் சமமாகாது.

இதற்குரிய சரியான முறையைப் புள்ளியியல் அறிஞர்கள் ரொனால்டு ஃபிஷரும் ஃபிராங்க் யேட்சும் 1938இல் வெளியிட்டனர். 1964இல் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு அதனைக் கணினிக்கு ஏற்றவாறு அமைத்தார். முதலில் மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்து கடைசி இடத்தில் வைக்க வேண்டும். எஞ்சிய இரண்டனுள் ஒன்றை அதற்கு முந்தைய இடத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை வைத்த எழுத்தை மீண்டும் தொடுதல் கூடாது. இம்முறையில் ஆறு வழிகளே உள்ளன. ஒவ்வொரு வழியும் ஒரு வரிசையைத் தரும்.

கணினி எண்ணும் எழுத்து

முறை சரியாக அமைந்தும் தமிழில் விடை பிழையாகலாம். ‘தமிழ்’ என்பது மூன்றெழுத்துச் சொல். ஆனால், பைத்தான் என்னும் நிரல்மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்னும் விடை கிடைக்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் ஒருங்குறியில் தனித்தனி எண்களாகப் பதிவாவதே இதற்குக் காரணம்.

இவ்வகையில் ‘கடற்கரை’ ஏழு குறிகளாகிறது. முதற்குறியையும் இறுதிக்குறியையும் மட்டும் நிறுத்தி நிரல் கலைத்தால் ‘கர்டகறை’ என்றும் விடை வரலாம். புள்ளி, ‘ற’வை விட்டு ‘ர’வின்மேல் ஏறிவிட்டது, ஐகாரக் குறி ‘ர’வை விட்டு ‘ற’வைச் சேர்ந்துவிட்டது. மூலச்சொல்லில் இல்லாத ‘ர்’, ‘றை’ என்னும் எழுத்துகள் பிறந்துவிட்டன. மாறக்கூடாத இறுதியெழுத்தும் மாறிவிட்டது. இங்குக் கலைந்தவை எழுத்துகள் அல்ல, எழுத்தின் உறுப்புகளே.

இலக்கணம் தரும் தீர்வு

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், புள்ளி நீங்கி அகரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் என்றும், பிற உயிர்களோடு சேரும்போது வடிவம் திரியும் என்றும் தொல்காப்பியம் உணர்த்துகிறது. இவ்விதியையே நிரலுக்குக் கற்பிக்கலாம். சொல்லை இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் படிக்க வேண்டும். வந்தது புள்ளியோ உயிர்க்குறியோ எனில், அதனை முன்னுள்ள எழுத்தோடு சேர்க்க வேண்டும். அன்றெனில் புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும். இவ்வாறு தொகுத்த பின்னரே குலுக்க வேண்டும்.

இதன் பயன் விளையாட்டோடு முடிவதில்லை. ‘விகடகவி’ என்பதைத் திருப்பிப் படித்தாலும் அச்சொல்லே வரும். குறிகளை மட்டும் எண்ணும் நிரல் அதனை ஏற்காது. திருப்பும்போது இகரக் குறி ‘வ’வுக்கு முன்னே போய்விடும். தமிழ்ச் சித்திரகவிகளுள் ஒன்றாகிய மாலைமாற்றைக் கணினி அறிய வேண்டுமாயினும், அகராதிச் சொற்களை எழுத்தளவால் பகுக்க வேண்டுமாயினும், யாப்பை அலகிட வேண்டுமாயினும் எழுத்தைச் சரியாக எண்ணுதலே முதற்படி. அதனைக் கணினி தானே அறியாது. தமிழ் இலக்கணம் அறிந்தவரே அதற்குக் கற்பிக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண்கள் இல்லை. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி, ஆய்தம் ஆகியவற்றுக்கே எண்கள் உண்டு. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் தோன்றினும், ஒலிமுறைப்படி அது ‘க’வுக்குப் பின்னரே பதிவாகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘விளையாட்டு’ என்னும் சொல்லின் இடையெழுத்துகளை எத்தனை வகையாக வரிசைப்படுத்தலாம் எனக் கண்டு எழுதுக.
2. ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தாலும் அதுவே வருகிறதா எனக் கணினி அறிவதற்குரிய படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.