வானளாவிய மாடத்தில் சற்று நேரம்

உயரமான இடத்தில் ஏறி நின்று ஊரைப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் மனிதனோடு பிறந்தது. சிறுவன் மரக்கிளையில் ஏறுகிறான். பெரியவர்கள் மாலை வேளையில் மொட்டை மாடியை நாடுகிறார்கள். அங்கே காற்று மட்டும் கிடைப்பதில்லை. மனத்துக்கு ஓர் ஆறுதலும் கிடைக்கிறது. அந்த ஆறுதல் எங்கிருந்து வருகிறது? இதை ஆராய்வதற்கு ஏற்ற இடம் ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருக்கிறது. நேயர்களே, கற்பனையில் அங்கே சற்றுச் சென்று வருவோம்.

1969ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஜான் ஹான்காக் சென்டர் என்னும் 100 மாடிக் கட்டடமே அந்த இடம். 2018ஆம் ஆண்டில் அந்தப் பெயர் நீக்கப்பட்டு, வீதி எண்ணே அதன் பெயராயிற்று. இதன் உயரம் 344 மீட்டர். கீழே கடைகள், அவற்றுக்கு மேல் அலுவலகங்கள், அவற்றுக்கும் மேலே குடும்பங்கள் வாழும் வீடுகள் என்று ஒரு சிற்றூரே இதற்குள் அடங்கியிருக்கிறது. 94ஆவது மாடியில், தரையிலிருந்து 1,030 அடி உயரத்தில், பொதுமக்கள் கட்டணம் செலுத்தி நகரைக் காண்பதற்கான காட்சி மாடம் அமைந்துள்ளது.

லிப்டில் ஏறினால் 40 விநாடிகளில் மேலே போய்விடலாம். பாதி வழியில் காது அடைத்துக்கொள்ளும். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. இவ்வளவு உயரம் ஏறும்போது காற்றின் அழுத்தம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு குறைகிறது. செவிப்பறைக்கு உட்புறமுள்ள காற்று அதே வேகத்தில் வெளியேற இயலாமல் திகைக்கிறது. ஒரு முறை எச்சில் விழுங்கினால் வழி திறந்து காது தெளிந்துவிடும்.

மேலே சென்றதும் கிழக்கே கண்ணில் படுவது மிச்சிகன் ஏரி. ஏரி என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் வேறு; இதன் பரப்போ ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். கரையில் நிற்பவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் முடிந்துவிடும். இந்த மாடத்திலிருந்து அது ஏறக்குறைய 65 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறது. தெளிந்த நாளில் நான்கு மாநிலங்களின் நிலப்பகுதிகளைக் காணலாம். மேற்கே வீதிகள் கோடு போட்டாற்போல் நேராக ஓடுகின்றன. காலடியில் ஒரு பழைய நீர்க்கோபுரம் நிற்கிறது. 1869ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அது, 1871ஆம் ஆண்டில் நகரில் பேரழிவை விளைவித்த பெருந்தீக்குத் தப்பியது. அக்காலத்தில் அண்ணாந்து பார்த்த அதை இன்று குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

இங்கே வந்தவர்களின் பேச்சு தானாகவே தணிந்துவிடும். இதற்கு இயற்கையான காரணங்கள் உண்டு. புத்தகத்தையோ கருவித் திரையையோ பார்க்கும்போது, விழி வில்லையைக் குவிப்பதற்காகக் கண்ணின் உட்தசை இறுகி நிற்கிறது. தொலைவைப் பார்க்கும்போது அது தளர்கிறது. ஆகவே கண்ணுக்கு ஓய்வு என்பது வெறும் பேச்சன்று. இரண்டாவது, ஓசை. தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். எஞ்சியதைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. மூன்றாவது, வேகம். வீதியோரத்தில் நிற்பவர் எதிரே நொடியில் பாய்ந்து மறையும் கார், இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஊர்வதாகத் தோன்றுகிறது. காரின் வேகம் மாறவில்லை. அதைத் தொடர நம் விழி திரும்பும் வேகந்தான் குறைந்திருக்கிறது.

இவற்றோடு நான்காவது ஒன்றும் உண்டு. காலடியில் உள்ள தளம் அசைவதாகத் தோன்றினால் எந்தக் காட்சியும் மனத்துக்கு அமைதி தராது. உயரக் கட்டடத்தின் பெரும்பகை காற்று. கட்டடம் இரு மடங்கு உயர்ந்தால், அதைச் சாய்க்க முயலும் காற்றின் ஆற்றல் நான்கு மடங்குக்கு மேல் பெருகும். இதற்கு விடை கண்டவர் பஸ்லுர் ரஹ்மான் கான் என்னும் எஞ்சினீயர். 1929ஆம் ஆண்டில், அன்றைய பிரிவுபடாத இந்தியாவின் டாக்காவில் பிறந்தவர். கல்கத்தாவை அடுத்த சிவ்பூர் எஞ்சினீயரிங் கல்லூரியில் பயின்று, டாக்காவில் பட்டம் பெற்று, 1952ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். கட்டடத்தின் உள்ளே தூண்களைப் பெருக்கிக்கொண்டே போவதற்குப் பதிலாக, வெளிச்சுவரையே ஒரு குழாய் போல வலுப்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றைத் தாங்குகிறதல்லவா? அதுபோலத்தான். சிற்பி புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து அவர் எழுப்பிய இக்கட்டடத்தின் நான்கு முகங்களிலும் பெருக்கல் குறி போன்ற பெரிய எஃகுச் சட்டங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. 1931ஆம் ஆண்டின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர அடித் தளத்துக்கு ஏறக்குறைய 42 பவுண்டு எஃகு தேவைப்பட்டது. இதற்கு 30 பவுண்டு போதுமானதாயிற்று. மேலே நாம் நிம்மதியாக நிற்பது அந்தக் கணக்கின் பயன்.

ஆனால் உயரத்துக்கு மற்றொரு குணமும் உண்டு. இம்மாடத்திலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டருக்குள் கப்ரீனி-கிரீன் என்னும் குடியிருப்பு இருந்தது. ஏழைகளுக்காக 1942 முதல் 1962 வரை அரசாங்கம் கட்டிய மனைகள் அவை. பெரும்பாலும் கறுப்பின மக்களே அங்கே வாழ்ந்தனர். பராமரிப்பின்றிக் கட்டடங்கள் சீர்குலைந்தன, குற்றங்கள் மலிந்தன. அங்கிருந்த உயர்மாடிக் கட்டடங்களில் கடைசியாக எஞ்சியது 2011ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அவை நின்ற காலத்தில், 94ஆவது மாடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவையும் ஒழுங்கான கட்டட வரிசைகளாகவே தோன்றியிருக்கும். பழுதுபட்ட படிக்கட்டும், அதில் அஞ்சி ஏறிய தாயும் அவ்வளவு தொலைவிலிருந்து தெரிவதில்லை. ஓசையைத் தணித்து நமக்கு அமைதி தரும் அதே தொலைவுதான் துயரையும் மறைத்துவிடுகிறது.

கான் இதை உணர்ந்தவர் போலும். தொழில்நுட்பத்தில் வல்லவன் அதிலேயே தன்னைத் தொலைத்துவிடலாகாது. கலையையும் இசையையும், அவற்றினும் மேலாக மக்களையும் அவன் அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. 1982ஆம் ஆண்டில், 52ஆம் வயதில் அவர் காலமானார். மாடத்தின் வடக்கு முகத்தில் நிற்கும்போது, நாம் நோக்கும் திசையில் ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிரேஸ்லாண்டு இடுகாட்டில் அவர் துயில்கிறார்.

ஆகையால் நேயர்களே, எந்த நகரிலாயினும் இத்தகைய மாடத்துக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் தவறாமல் செல்லுங்கள். அவசரப்படாமல் அரைமணி நேரமாவது இருங்கள். கண்ணும் காதும் இளைப்பாறட்டும். இறங்குவதற்கு முன், மேலிருந்து தெரியும் வீதிகளுள் முன்பின் அறியாத ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வந்தபின் அந்த வீதிக்குப் போய்ச் சிறிது தூரம் நடந்து பாருங்கள். மேலிருந்து கோடாகத் தெரிந்த இடத்தில் கடைக்காரரின் குரல் கேட்கும். பள்ளி விட்டு வரும் குழந்தைகள் எதிர்ப்படுவார்கள். அப்போதுதான் அந்த நகரை முழுமையாகப் பார்த்தவர்கள் ஆவீர்கள்.