வீட்டுச் சோறும் நயாசினும்

படுவான்கரை வயல்களில் விளையும் நெல், வாவிக்கு இப்பால் எழுவான்கரை இல்லங்களிலும் சோறாகின்றது. அந்நெல் அரிசியாக்கப்படும் முறையைப் பொறுத்தே அதன் சத்து எஞ்சும்.

நயாசின் விற்றமின் பீ இனத்தைச் சேர்ந்தது. உண்ட உணவிலிருந்து உடல் சக்தி பெறுவதற்கு இது இன்றியமையாதது. நாளொன்றுக்கு வளர்ந்த ஆணுக்கு 16 மில்லிகிராமும் பெண்ணுக்கு 14 மில்லிகிராமும் வேண்டும். இச்சத்து நெடுநாட் குறையின் பெலாக்ரா என்னும் நோய் தோன்றும். வெயில்படும் தோல் கறுத்து வெடிக்கும்; வயிற்றோட்டமும் மனக்குழப்பமும் தொடரும்; கவனியாவிடின் உயிருக்கும் இறுதியாகும். சோளத்தையே முழு உணவாகக் கொண்ட நாடுகளில் இந்நோய் பரவியிருந்தது. சோளத்திலுள்ள நயாசினிற் பெரும்பகுதி பிணைப்புற்றிருப்பதால் உடலிற் சேர்வதில்லை.

நெல்லில் இச்சத்து பெரும்பாலும் தவிட்டிலேயே உள்ளது. தீட்டாத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் இருக்க, நன்கு தீட்டிய பச்சையரிசியில் 2 மில்லிகிராமும் இராது. நெல்லைப் புழுக்கும்போது சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊறுவதால், தீட்டிய பின்னரும் அது எஞ்சும்.

ஆகவே கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. வீட்டுத் தேவைக்கான நெல்லைப் புழுக்கிக் குற்றுவிக்க. ஆலையில் வெண்மையாகத் தீட்டுவித்தலைத் தவிர்க்க.

2. அரிசியைப் பலமுறை கழுவற்க, கஞ்சியைக் கொட்டற்க. நயாசின் வெப்பத்தால் எளிதில் அழியாது. ஆனால் நீரிற் கரைந்து போகும்.

3. மணற்பாங்கான மரக்கறித் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கச்சானுக்கு ஒதுக்குக. கச்சான் 100 கிராமில் ஏறக்குறைய 12 மில்லிகிராம் நயாசின் உண்டு.

4. சேனைச் சோளம் உண்ணும் நாட்களில் வாவி மீனையோ முட்டையையோ சேர்த்துக் கொள்க. அவற்றின் புரதத்திலிருந்தும் உடல் நயாசினை ஆக்கிக்கொள்ளும்.

வெண்மை சந்தைக்கு அழகு. தவிட்டின் சத்தோ உழைப்பவன் உடலுக்கு உரம்.