இடுப்பளவு ஏரியில் 22 உயிர்கள்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய ஒரு படகு, ஏரியும் கடலும் சேரும் பக்கத்தில் கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்கள் 25 பேர். இறந்தவர்கள் 22 பேர். பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் உறவு, குழந்தைகளும் இருந்தார்கள். ஒருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு மீன் பிடிக்கும் படகு.

அந்த ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பல இடங்களில் வளர்ந்த ஆளுக்கு இடுப்புக்கு மேல் வராது. அந்த நினைப்பில்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தயங்காமல் படகேறுகிறார்கள்.

பொன்னேரியில் மின்சார ரயிலை விட்டு இறங்கினால் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டுகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வார விடுமுறையில் போய்வரக் கைக்கெட்டிய கடற்கரை இது. அவர்களில் பலர் உள்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஆறு, குளம் தெரியும். ஓதம் ஏறி வற்றுவதும், அதையொட்டித் தண்ணீர் திசை மாறுவதும் கண்டிருக்க மாட்டார்கள்.

சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. நம் பக்கம் இருப்பது தென்கோடி மட்டும். ஆனால் கடலுக்குத் திறக்கும் முக்கிய வாசல் இந்தத் தென்கோடியில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாக மறித்துக் கிடக்க, பல நூறு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்புக்கு மூச்சுவிட முக்கியமாகக் கிடைத்தது ஒரு குறுகிய முகத்துவாரம். ஓதம் ஏறும்போது கடல் அதன் வழியே உள்ளே வருகிறது. வற்றும்போது உள்ளே வந்ததெல்லாம் அதே இடுக்கு வழியாகத் திரும்ப வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஓட்டம் இன்னும் கூடும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸும் காணும் பொங்கலும் அந்தப் பருவத்தின் வாலில் வருகின்றன.

வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் முகத்துவாரத்தில் நேருக்கு நேர் மோதும். அப்போது அலை உயரம் கூடி, செங்குத்தாக எழுந்து, அடுத்தடுத்து உடையும். அடியில் மணல்திட்டுகள் வேறு. அவை ஒரு பருவத்தில் இருந்த இடத்தில் அடுத்த பருவத்தில் இருப்பதில்லை. முகத்துவாரம் தூர்ந்துபோவதைப் பற்றி மீனவர்கள் ஆண்டுக்கணக்காகப் புகார் சொல்லிவருவதும் இதனால்தான். ஏரியின் நடுவில் இருக்கும் அமைதியை வைத்து அதன் வாயை எடைபோட முடியாது. ஒரே படகுச் சவாரியில் இரண்டும் வரும் என்பதுதான் சிக்கல்.

படகுக்கு வருவோம். இங்கே ஓடுவது பெரும்பாலும் பைபர் படகு: நீளமானது, அகலம் குறைந்தது, திறந்த தட்டு. வலையும் மீனும் அடித்தட்டில் கிடக்கும், அதை இயக்குகிறவர்கள் ஆட்டத்துக்கு ஏற்ப உடம்பைச் சாய்த்துக் கொடுப்பார்கள் என்ற கணக்கில் செய்தது. அதில் 20 பேர் விளிம்பிலும் குறுக்குப் பலகையிலும் உட்கார்ந்தால் எடை மேலே ஏறிவிடுகிறது. தண்ணீருக்கும் விளிம்புக்கும் இடையே மிஞ்சும் உயரம் குறைகிறது. யாரோ பறவையைக் காட்ட, பாதிப்பேர் செல்போனுடன் எழுந்து ஒரே பக்கம் வருகிறார்கள். ஒரு அலை உள்ளே விழுந்தால், அந்தத் தண்ணீர் படகுக்குள்ளேயே தாழ்ந்த பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். மோட்டார் நின்றுபோனால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். பிறகு நேரம் இருக்காது.

கவிழ்ந்த பிறகு இடுப்பளவுத் தண்ணீர் உதவுமா? கால்வாய்ப் பகுதியிலும் முகத்துவாரத்திலும் ஆழம் அதிகம். ஆழம் குறைந்த இடத்தில் அடியில் சேறு; ஊன்றிய கால் புதைகிறது. சிலர் கவிழ்ந்த படகுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். நனைந்த புடவையும் ஜீன்ஸும் காலைக் கட்டுகின்றன. நீச்சல் தெரியாதவர் தண்ணீருக்கு மேல் தலையை வைத்திருப்பது பல சமயம் ஒரு நிமிடம்கூட இல்லை. அவர் கத்துவதும் இல்லை, கையாட்டுவதும் இல்லை. சினிமாவில் காட்டுவது வேறு. மூச்சுக்குத் திணறும் வாயால் கூப்பிட முடியாது.

2011 விபத்துக்குப் பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறிப் படகுகள் ஓடுவதாகச் செய்திகளும் அதன் பிறகு வந்துகொண்டேதான் இருக்கின்றன. கெடுபிடி கூடும் நாளில் நிற்கும், தளரும் நாளில் கிளம்பும். மீனவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஏரியில் மீன் குறைகிறது. ஒரு நாள் சவாரி, வலை தராத காசைத் தருகிறது. ஆனால் பயணிக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். சட்டப்படி இல்லாத சவாரிக்கு ஆள் கணக்கு எடுப்பவர் இல்லை, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பவர் இல்லை, கிளம்பிய படகு திரும்பியதா என்று கரையில் குறித்து வைப்பவரும் இல்லை. மீன்பிடிக்கப் பதிவான படகு, பயணிகளை ஏற்றும் தகுதிக்குச் சோதிக்கப்பட்ட படகு ஆகாது.

பழவேற்காட்டில் மட்டும் இப்படி இல்லை. கேரளத்தில் 2023 மே 7 இரவு, தானூரில் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அதிலும் அளவுக்கு மீறிய கூட்டம். இறந்தவர்கள் அங்கேயும் 22. 2024 ஜனவரியில் குஜராத்தின் வடோதரா ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து, பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அது கடலோடு தொடர்பே இல்லாத ஊர் ஏரி.

படகே வேண்டாம், கரையில் குளித்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2025 அக்டோபர் 31 அன்று எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரையில் 4 பெண்கள் மூழ்கி இறந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையிலான கரை நிலையான கரை அல்ல. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடற்கரை இது. இங்குள்ள துறைமுகங்களின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறிப்பதால் வடபுறம் அரிக்கப்படுகிறது. அரித்த கரையில் நாலடி எடுத்து வைப்பதற்குள் ஆழம் வந்துவிடலாம். இன்னொன்று: வரிசையாக அலை உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் சாந்தமாகத் தெரிந்தால், குழந்தைகளை இறக்க நல்ல இடம் என்று தோன்றும். பல சமயம் அதுதான் நீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு.

இத்தனைக்கும் பழவேற்காட்டைப் பார்க்கப் படகு அவசியமே இல்லை. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும், வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்த அவர்களுடைய கல்லறையும், மகிமை மாதா ஆலயமும், பள்ளிவாசலின் நிழல் கடிகாரமும் ஊருக்குள் நடந்து பார்க்கும் தூரம். கலங்கரை விளக்கக் குப்பத்துக்கும் அதை ஒட்டிய கடற்கரைக்கும் பாலம் இருக்கிறது. பூநாரை பார்க்க வேண்டுமா? குளிர்காலத்தில் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலையோரம் நின்றால் போதும். முகத்துவாரம் வரை போய் வரலாம் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். எத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று பேரம் பேசி ஏறுவதும் வேண்டாம்.

கண்ணெதிரே ஒருவர் இழுபடுகிறார் என்றால் நீந்தத் தெரிந்தவரும் வெறுங்கையோடு பாயக் கூடாது. மூழ்குகிறவர் கிடைத்ததைப் பிடித்து அழுத்துவார். ஒருவர் பின் ஒருவராகக் குடும்பமே போவது இப்படித்தான். மூடிய காலித் தண்ணீர் கேன், கயிறு, முடிச்சுப் போட்ட துப்பட்டா, எது கைக்கு வருகிறதோ அதை எறியுங்கள். குப்பத்து ஆட்களைக் கூப்பிடுங்கள். முகத்துவாரத்தின் போக்கு அவர்களுக்குத் தெரியும். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, கடலோரக் காவல்படை எண் 1554. வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைத் தின்பவை. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அதைச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.