ஒரே இணைப்பு, நாலு பேர்: பழைய கம்ப்யூட்டர் கைகொடுக்குமா?

தலைநகரில் அரசு ஊழியர் குடியிருப்புகளுக்குப் பேர்பெற்ற இடங்களில் லக்ஷ்மிபாய் நகரும் ஒன்று. ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்தில்தான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இங்கே உண்டு. ஆகவே நம்மவர்களுக்குக் குறைவில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பள்ளிக்கூடமும் ஆபீசும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. இணைப்போ ஒன்று, கேட்பவர்கள் நாலு பேர்!

இந்தச் சங்கடம் புதிதல்ல. 1995 ஆகஸ்டு 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. டெலிபோன் கம்பி வழியே வந்த அந்த இணைப்பு, வீட்டில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் என்றிருந்தது. 1999-ல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பங்கிடும் வசதி வந்தது. லினக்ஸில் அதற்கு முன்பே உண்டு.

சூட்சுமம் எளிதுதான். பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும். ஒன்றில் மோடம்; மற்றதில் வீட்டுக்குள் போகும் கேபிள். ஆபீசில் தபால் பிரிவு குமாஸ்தா செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. எந்த மேஜையிலிருந்து கடிதம் போனாலும் உறையில் இலாகாவின் ஒரே முகவரி. பதில் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து, கேட்ட மேஜைக்கே சேர்த்துவிடுவார். ஆனால் வேகம் கூடாது. இருப்பதைத்தான் நாலு பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இனி செலவுக் கணக்கு. பழைய கம்ப்யூட்டர் 80 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினால் மாதம் சுமார் 58 யூனிட். இதே வேலையைச் செய்யும் சிறு ரூட்டர் பெட்டி 10 வாட் எடுத்தால் 7 யூனிட்டுக்குச் சற்றே அதிகம். சும்மா கிடைத்த கம்ப்யூட்டர் சும்மா ஓடாது!

அடுத்தது பாதுகாப்பு. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரியோடும் நின்றுபோயின. அவற்றை வாசற்காவலுக்கு வைப்பது தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குச் சமம். பழைய யந்திரமேதான் வேண்டுமென்றால், இன்றும் பராமரிக்கப்படும் லினக்ஸை ஏற்றுவதே நல்லது.

பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கலாமா? யோசித்துச் செய்யுங்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியாகச் சென்றிருந்தது. போலீஸ் விசாரணை அந்த வீட்டுக்காரரைத் தேடித்தான் வந்தது. இணைப்பு யார் பெயரிலோ, கேள்வியும் அவரிடம்தான். கடவுச்சொல் இல்லாமல் வைஃபையைத் திறந்து வைக்காதீர்கள்.

மொத்தத்தில், தினசரி உபயோகத்துக்கு ரூட்டரே சிக்கனம். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால், பழையதைக் காயலான் கடைக்கு எடை போடாதீர்கள். லினக்ஸ் இலவசம், இரண்டாவது கார்டு ஒன்று போதும். நெட்வொர்க் வேலையைச் சொந்தக் கையால் பழகிக்கொள்ள அதைவிட மலிவான பயிற்சிக்கூடம் ஏது?