பாறைக்குழியில் ஒரு காவல்காரன்



போன மாதம் இதே சுவரில் பத்தாம் வகுப்பு அண்ணன்கள் திமிங்கலத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். இடைவேளையில் கூட்டமாக நின்று படித்தோம். நான் எழுதப்போவது நம் விரல் நீளத்துக்கு இருக்கிற ஒரு மீனைப் பற்றி. இதைச் சந்தையில் விற்க மாட்டார்கள். குழம்பு வைக்கவும் ஆகாது. "இதப் போயி யாருலேய் படிப்பா?" என்று என் பெஞ்சுக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும். இந்த மீனுக்கு நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். முதலில் மீனைப் பற்றிச் சொல்கிறேன். தப்பு கடைசியில்.

ஆள் எப்படி இருப்பார்?

நம்ம குமரி மாவட்டக் கடற்கரையில் பாறை இருக்கிற இடத்துக்கு, கடல் வற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள். பாறைப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். நிழல் விழாமல் குனிந்து, இரண்டு நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு பொந்தில் இருந்து சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்க்கும். தவளைக்கு இருப்பது போல உருண்டைக் கண், தடித்த உதடு, கண்ணுக்கு மேலே கொம்பு மாதிரி இரண்டு சின்ன இழைகள். கையை நீட்டினால் 'சுருக்'கென்று உள்ளே போய்விடும். பக்கத்துக் குழிக்குத் தாவியும் போகும். அதனால் நாங்கள் இதைத் 'தாவுற மீன்' என்றுதான் சொல்லுவோம். புத்தகத்தில் இதன் பெயர் பிளென்னி. கிரேக்க மொழியில் 'வழவழப்பான கோழை' என்று அர்த்தம் தரும் சொல்லில் இருந்து வந்த பெயர்.

பெயருக்கு ஏற்ற மாதிரிதான் உடம்பும். பெரும்பாலான பிளென்னிகளுக்குச் செதிலே கிடையாது. தோல் முழுக்க வழுவழு என்று கோழை பூசியிருக்கும். கரடுமுரடான பாறைப் பொந்தில் நுழைந்து வெளியே வர அது உதவும். வெயிலில் உடம்பு சட்டென்று காய்ந்து போகாமலும் காக்கும். சீப்புப் பல் போல வரிசையாகப் பல் இருப்பதால் 'சீப்புப் பல் பிளென்னி' என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் மட்டும் சுமார் 400 இனங்கள் உண்டு.

இதை உளுவை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உளுவையை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். உளுவைகளில் பலவற்றுக்கு வயிற்றுப் பக்கத்துத் துடுப்பு இரண்டும் ஒட்டிச் சேர்ந்து, ஒட்டிப் பிடிக்கும் கிண்ணம் போல இருக்கும். பிளென்னிக்கு அவை தொண்டைக்கு அடியில் இரண்டு விரல் போலத் தனித்தனியாக இருக்கும். அந்த இரண்டு விரலையும் ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்க்கும். பிச்சாவரத்துச் சேற்றில் துள்ளுகிற மீனும் உளுவைக் குடும்பம்தான், பிளென்னி இல்லை.

குழிக்குள் இருப்பது லேசா?

பாறைக்குழி என்றால் ஏதோ குளுகுளு வீடு என்று நினைக்காதீர்கள். கடலும் சந்திரனும் சேர்ந்து நடத்துகிற கஷ்டமான இடம் அது. நம்ம பக்கம் கடல் ஏறி இறங்குகிற உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டர் வரை போகும். நம்ம குறைந்த ஏற்ற இறக்கத்திலேயே குழிக்குள் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள்.

மத்தியான வெயிலில் குழித் தண்ணீர் சூடாகும். ஆவியாகிப் போகப் போக உப்பு கூடும். திடீரென்று மழை கொட்டினால் உப்பு குறைந்துவிடும். பகலில் பாசி ஆக்சிஜன் வெளியிடும், சரி. ராத்திரி வெளிச்சம் இல்லையே! அப்போது பாசியும் நண்டும் மீனும் எல்லாமே மூச்சு விட்டு இருக்கிற ஆக்சிஜனைக் குறைத்துவிடும். சாதாரணக் கடல் மீன் இதில் திணறிப் போகும்.

பிளென்னி என்ன செய்கிறது? பாறையில் வாழும் பல இனங்கள் தண்ணீர் கெட்டால் குழியின் ஓரத்துக்கு ஏறி, ஈரப் பாறையில் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் செவுளாலும் தோலாலும் எடுத்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, தோல் ஈரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

தண்ணீரே பிடிக்காத மீன்

பசிபிக் கடலில் குவாம் என்று ஒரு தீவு. அங்கே ஒரு பிளென்னி இனம், வளர்ந்த பிறகு வாழ்நாளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே அலை தெறிக்கிற பாறையிலேயே கழிக்கிறது. வாலை முறுக்கி வளைத்துப் பாறையை உதைத்து 'டக்'கென்று தாவும். மீனாகப் பிறந்து கடல் தண்ணீரைக் கண்டால் பாறை மேல் ஏறி ஓடுகிறது! ஆனால் வெயில் கடுமையாகிப் பாறை காய்ந்தால் பொந்துக்குள் போய்விடும். கடல் முழுக்க ஏறினாலும் பொந்துதான். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் மேய்ச்சல், சண்டை, கல்யாணம் எல்லாம்.

சாதுவும் உண்டு, போக்கிரியும் உண்டு

பிளென்னிகளில் பல பாசியை மேய்கிறவை. பவளப்பாறைப் பக்கம் இருக்கிற ஒரு இனம் பாறையில் வாயை வைத்து உரசி உரசிப் பாசி தின்னும். கண்ணாடித் தொட்டியில் வளர்த்தால் பாசி படிந்த கண்ணாடியில் உதட்டு அடையாளம் விழுமாம்.

போக்கிரி பிளென்னியும் உண்டு. பவளப்பாறையில் ஒரு துப்புரவு மீன் இருக்கிறது. பெரிய மீன்கள் அதனிடம் வந்து நிற்கும், அது உடம்பில் ஒட்டிய பூச்சிகளைத் தின்று சுத்தம் செய்யும். ஒரு பிளென்னி அதே நீலமும் கறுப்புக் கோடுமாக வேஷம் போட்டுக்கொண்டு அலைகிறது. பெரிய மீன் நம்பிப் பக்கத்தில் விட்டால் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடிவிடும். கண்டுபிடிப்பது எப்படி? துப்புரவு மீனுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும். வேஷக்காரருக்கு வாய் மூக்குக்கு அடியில் இருக்கும்.

இன்னொரு பிளென்னிக்குக் கீழ்த்தாடையில் பாம்புக்கு இருப்பது போல விஷப்பல். பெரிய மீன் இதை விழுங்கினால் வாய்க்குள்ளேயே கடிக்கும். விழுங்கின மீன் தலையை உதறித் துப்பிவிடும். 2017-ல் இந்த விஷத்தை ஆராய்ந்தவர்கள், அதில் அபின் வகை மருந்து போல வேலை செய்யும் ஒரு பொருள் இருப்பதைச் சொன்னார்கள். கடிபட்ட மீனுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றி நிற்குமாம். விரல் நீள மீனுக்கு எவ்வளவு வித்தை!

அப்பா மீன்

இப்போது முக்கியமான விஷயம். பிளென்னிகளில் பெரும்பாலும் முட்டையைக் காப்பது அம்மா இல்லை, அப்பா. ஆண் மீன் ஒரு பொந்தையோ, காலிச் சங்கையோ, கொட்டலசின் காலி ஓட்டையோ பிடித்து வைத்துக்கொள்ளும். பெண் மீன் உள்ளே வந்து முட்டைகளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஒரே வீட்டில் பல பெண் மீன்கள் முட்டை இடுவதும் உண்டு. அதற்குப் பிறகு அப்பாவுக்குத்தான் வேலை. துடுப்பால் விசிறி நல்ல தண்ணீரை முட்டைமேல் தள்ள வேண்டும். நண்டு வந்தால் விரட்ட வேண்டும். சில இனங்களில் ஆண் தன் உடம்பில் சுரக்கும் கிருமிநாசினிக் கோழையை முட்டை மேல் பூசக்கூடச் செய்யும். குஞ்சு பொரித்துக் கடலில் மிதந்து போகும் வரை வீட்டை விட்டு நகராது.

நான் செய்த தப்பு

அறிவியல் கண்காட்சிக்கு எல்லோரும் எரிமலை, காற்றாலை என்று செய்தார்கள். நான் உயிருள்ள மீனைக் கொண்டுபோய் எல்லோரையும் அசத்தலாம் என்று நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் பாறைக்குப் போனேன். ஒரு குழியில் அழகான காலிச் சங்கு, அதன் வாயில் ஒரு தாவுற மீன். சங்கைத் தூக்கினேன். மீன் குதித்து ஓடும் என்று பார்த்தால், ஓடவில்லை. இன்னும் உள்ளே போய் ஒண்டிக்கொண்டது. "இவ்வளவு லேசாக் கிடைச்சிட்டே!" என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடல் தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, சங்கோடு மீனைப் போட்டு, சிந்தாமல் இருக்க மூடியை இறுக்கி மூடினேன்.

காலையில் பார்த்தால் மீன் செத்துக் கிடந்தது. சங்கை விட்டு வெளியே வராமல், அதன் வாசலிலேயே.

மேலே சொன்ன வரி ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கெட்டால் ஈரப் பாறையில் ஏறிக் காற்றில் மூச்சு விடுகிற மீன் அது. நான் ஏற இடம் வைக்கவில்லை. காற்றும் வைக்கவில்லை. தண்ணீரை நிறைய ஊற்றியதுதான் நல்லது என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் ராத்திரியோடு தீர்ந்திருக்கும்.

அறிவியல் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை. சங்கைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, கைலென்ஸை என் கையில் கொடுத்து, "நல்லா உள்ள பாரு" என்றார். சங்கின் உள்சுவரில் கடுகை விடச் சின்னச் சின்ன மணிகள், ஒரே அடுக்காக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு மணியிலும் பளபளக்கிற இரண்டு புள்ளி. கண்கள்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அது பயந்துபோய் ஒண்டவில்லை. விட்டுவிட்டு ஓட மனசில்லாமல் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே சங்கைக் கொண்டுபோய் அதே குழியில் வைத்தேன். தாத்தாவும் கூட வந்தார். சின்ன வயசில் இருந்து வள்ளத்தில் கடலுக்குப் போனவர். நடந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஓடாத மீனப் பிடிக்கப்படாது மக்களே. ஓடாததுக்கு ஏதாவது காரணம் இருக்கும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது சங்கு அங்கேயே கிடந்தது. உள்ளே முட்டை இல்லை. பொரித்துப் போயினவா, நண்டு தின்றதா, யார் சொல்வது? காவல் இல்லாத வீடு. நான் அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை.

இத்தனூண்டு மீனுக்கு இவ்வளவு கவலையா?

பெஞ்சுக்காரன் இதைத்தான் கேட்டான். அவனுக்கு இது பதில். 2019-ல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு ஆராய்ச்சி, பவளப்பாறைகளில் மற்ற மீன்களுக்கு இரையாகும் மீன்களின் எடையில் 60 சதவீதத்துக்கு அருகில் இந்த மாதிரிக் குட்டி மீன்களில் இருந்துதான் வருகிறது என்று கணக்கிட்டது. உளுவை, பிளென்னி எல்லாம் அதில் அடக்கம். சீக்கிரம் வளரும், சீக்கிரம் சாகும், அந்த இடத்தை அடுத்த குஞ்சுகள் உடனே நிரப்பும். நம்ம சட்டியில் வருகிற பெரிய மீன் எதையோ தின்றுதானே பெருத்தது? அந்தக் கணக்கின் அடியில் ஒரு பொந்தும், அதில் ஒரு அப்பாவும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போகிறவர்களுக்கு

1. கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்துவிட்டு முன்பு இருந்த மாதிரியே திருப்பி வையுங்கள். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் முட்டை வெயிலில் காய்ந்துவிடும்.

2. காலிச் சங்கு என்று எடுக்கும் முன் உள்ளே பாருங்கள். மீனோ நண்டோ முட்டையோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

3. நண்டு வெளியே வரட்டும் என்று குழியில் சோப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்களைப் பார்த்தால் தடுத்துச் சொல்லுங்கள். ஒரு குழி முழுக்கச் செத்துவிடும்.

4. மீனைப் பாட்டிலில் அடைக்காதீர்கள். நான் அடைத்துப் பார்த்துவிட்டேன், அதுவே போதும்.

5. அலையைப் பார்த்து நில்லுங்கள். பாசிப் பாறை வழுக்கும். தனியாகப் போகாதீர்கள்.

கண்காட்சியில் நான் கடைசியில் மீனை வைக்கவில்லை. ஒரு காலிப் பாட்டிலையும், பக்கத்தில் நடந்ததை எழுதிய ஒரு அட்டையையும் வைத்தேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் படித்துவிட்டு, "அண்ணா, எங்க வீட்லயும் ஒரு சங்கு இருக்கு, திருப்பி வச்சிரட்டுமா?" என்று கேட்டான். அது எனக்குப் போதும்.

சிந்திக்க மூன்று கேள்விகள் (விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது!)

அ) உளுவைக்கும் பிளென்னிக்கும் வயிற்றுத் துடுப்பில் என்ன வித்தியாசம்?
ஆ) குழித் தண்ணீரில் ராத்திரி ஏன் ஆக்சிஜன் குறைகிறது?
இ) துப்புரவு மீனையும் வேஷக்கார மீனையும் எப்படிப் பிரித்து அறிவது?

சரியான விடையைச் சொல்கிறவர்களை வரும் ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றும் நேரத்தில் தாத்தாவோடு சேர்ந்து பாறைக்கு அழைத்துப் போகிறேன். பாட்டில் கொண்டு வரக்கூடாது!



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்