பெயர் சொல்லாத திட்டம்

‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் தடிமனைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், டீ ஆறினாலும் பரவாயில்லை, நிதானமாக. ஜூலைத் தொடக்கம், பீட்டர்ஸ்பர்க், தாங்க முடியாத புழுக்கம். ரஸ்கோல்னிகவ் என்கிற இளைஞன் மாடியிலிருந்து இறங்கி, அடகு பிடிக்கும் கிழவி வீடுவரை போய்வருகிறான். மேலுக்கு நடப்பது அவ்வளவுதான்.

அவன் இறங்குவதையே பாருங்கள். ஐந்து மாடி வீட்டில் கூரையை ஒட்டிய அறை. அறை என்பதைவிட அலமாரி என்றே தாஸ்தாயெவ்ஸ்கி சொல்கிறார். ஒரு மாடி கீழே வீட்டுக்காரம்மா. அவளுடைய சமையலறைக் கதவு படிக்கட்டைப் பார்த்தபடி எந்நேரமும் திறந்தே கிடக்கும். வாடகை பாக்கி இருக்கிறது. அவள் ஒன்றும் அடித்துவிடப் போவதில்லை. நின்று பேசுவாள், கேட்பாள், புலம்புவாள். இவன் சாக்குச் சொல்லிப் பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குத்தான் பயம். கடன்பட்டவன் மனிதர்களைவிட்டு எப்படி ஒதுங்குகிறான் என்பதை அந்தத் திறந்த கதவைவிடத் தெளிவாகக் காட்டிய எழுத்தை நான் படித்ததில்லை.

வெளியே வைக்கோல் சந்தைப் பக்கத்துத் தெருக்கள். கூலிக்காரர்கள், கைத்தொழில்காரர்கள், குடிகாரர்கள் என்று நெரிசல். ஏறக்குறைய இரண்டு நாள் பட்டினியோடு, கந்தலோடு இவன் நடக்கிறான்; யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அங்கே எல்லார் உடம்பிலும் கந்தல்தான். வண்டியில் போகிற ஒரு குடிகாரன் மட்டும் இவனுடைய நைந்துபோன உயரத் தொப்பியைக் காட்டிக் கத்துகிறான். வெட்கப்பட வேண்டிய இடம். இவனுக்கு வருவதோ கலக்கம்: இந்தத் தொப்பியை யாராவது நினைவு வைத்துக்கொண்டால்? அங்கேதான் நமக்கு உறைக்கிறது, இவன் மனத்தில் வேறேதோ இருக்கிறது என்று. கிழவி வீடுவரை சரியாக 730 காலடி என்று எண்ணியும் வைத்திருக்கிறான்.

1866இல் தொடராக வந்த நாவல் இது. முதலில் அவனே தன் கதையைச் சொல்வதுபோல எழுதத் தொடங்கி, 1865 நவம்பரில் அதை எரித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார் தாஸ்தாயெவ்ஸ்கி. நல்ல முடிவு என்பேன். அவனே பேசியிருந்தால் வாசகராவது அவனுக்குத் துணை ஆகியிருப்பார். இப்போது முதல் அத்தியாயம் முழுக்க அந்தத் திட்டம் இன்னதென்று நமக்கும் சொல்லப்படுவதில்லை.

கிழவியிடம் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தை வைக்கிறான். ஒன்றரை ரூபிள் தருவாளாம். மாதம் ரூபிளுக்குப் பத்துக் கோபெக் வட்டி, நம் ஊர்ப் பேச்சில் பத்து வட்டி. அதற்கான 15 கோபெக்கை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறாள். பழைய இரண்டு ரூபிள் கடனுக்கு 20 கோபெக். கைக்கு வருவது ஒரு ரூபிள் 15 கோபெக். பெரிய சமூக விமர்சனம் எதுவும் இல்லாமல், ஒரு கழித்தல் கணக்கிலேயே அந்த நகரம் ஏழையை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

கிளம்பும்போது, சும்மா கேட்பதுபோல, எப்போதும் வீட்டில் தனியாகத்தான் இருப்பீர்களா, தங்கை உடன் இருப்பதில்லையா என்று கிழவியை விசாரிக்கிறான். அவனுக்கென்ன அதைப் பற்றி என்று அவள் சந்தேகமாகப் பார்க்கிறாள். அவள் தனியாக இருக்கும் நேரம்தான் அவனுக்குத் தெரிய வேண்டும்.